நண்டுக்கு மாலைக்கண்

பன்னிரண்டு குப்பிகள். ஒவ்வொன்றிலும் வரிசை எண், ஆணா பெண்ணா, ஓட்டின் அகலம், இடக்கண்ணா வலக்கண்ணா, எந்தக் கரைசலில் எவ்வளவு நேரம் ஊறியது என்று பென்சிலால் எழுதி ஒட்டியிருந்தேன். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும், பென்சில் நிற்கும் என்பது வரை தெரிந்திருந்தது. கண்ணை எடுத்த நேரத்தை மட்டும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

படிக்கும் காலத்தில் செய்த சின்ன ஆய்வு அது. பாறைக்கரை நண்டு ஒன்றின் கண்ணை மெல்லிய சீவல்களாக அறுத்து உள்ளமைப்பை வரைந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். கண்ணை எடுத்ததும் திசு கெடாமல் பதப்படுத்தக் குளூட்டரால்டிஹைடு, அப்புறம் ஆஸ்மியம், அப்புறம் வரிசையாக ஆல்கஹால், கடைசியில் பிசின். பிசின் கல்லாக இறுகியதும் கண்ணாடிக் கத்தியால் ஒரு மைக்ரான் தடிமனில் சீவி, நீலச் சாயம் ஏற்றிப் பார்க்கலாம். நண்டுகள் தொட்டியில் இருந்தன. எனக்கு எப்போது ஒழிகிறதோ அப்போது ஒரு கண். சில நாள் வகுப்புக்கு முன்னால், சில நாள் எல்லாம் முடிந்து ராத்திரி.

சீவல்களைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஒரே இனம், ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே கரைசல். ஆனால் சில கண்களில் ஒளியை உணரும் தண்டு பென்சில் முனைபோல் ஒல்லியாக இருந்தது. சிலவற்றில் அதே தண்டு பருத்து, சுற்றியிருக்கும் செல்லையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. வழிகாட்டியிடம் காட்டினேன். கரைசலின் உப்புச் செறிவு தப்பு, செல் ஊதியிருக்கிறது என்றார். நியாயமான சந்தேகம்தான், கடல் உயிரிகளின் திசுவைப் பதப்படுத்தும்போது முதலில் சொதப்புவது அதுதான். இரண்டு மாதம் உப்பை நிறுத்துக்கொண்டே கழிந்தது. ஒல்லியும் பருமனும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன.

பக்கத்து மேசையில் வேலை செய்த ஓர் அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் எத்தனை மணிக்கு எடுத்தே?"

"தெரியலையேக்கா."

அவர் சிரிக்கவில்லை. "அப்போ உப்பை விடு. மணியைக் கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள, அந்தத் தண்டு என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நண்டின் கண் கூட்டுக்கண். காம்பின் நுனியில் ஆயிரக்கணக்கான சிறுகண்கள் அடுக்கிய ஒரு குமிழ். ஒவ்வொரு சிறுகண்ணிலும் மேலே ஒரு வில்லை, அதன் கீழே ஒளியைக் குவிக்கும் கூம்பு, அதற்கும் கீழே 8 உணர்செல்கள், ஆரஞ்சுச் சுளைகள் மாதிரி வட்டமாக. ஏழு செல்கள் சேர்ந்து நடுவில் நீளமான ஒரு தண்டை உருவாக்குகின்றன. எட்டாவது செல் சின்னது, மேலே உட்கார்ந்திருக்கும். நடுத்தண்டின் பெயர் ராப்டம்.

ராப்டம் தனியாக ஒரு உறுப்பு இல்லை. ஏழு செல்களும் நடுவை நோக்கி நீட்டியிருக்கும் விரல்களின் கற்றை அது. ஒரு விரலின் குறுக்களவு 0.1 மைக்ரானுக்கும் குறைவு. ஆயிரம் விரல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கினாலும் ஒரு தலைமுடியின் தடிமன்தான் வரும். எதற்கு இத்தனை விரல்? ஒளியைப் பிடிக்கும் ரொடாப்சின் என்ற புரதம் செல்லின் சவ்வில் மட்டுமே உட்கார முடியும். நிறைய ஒளி வேண்டுமென்றால் நிறைய ரொடாப்சின், அதற்கு நிறைய சவ்வு. பெரிய துணியைச் சின்னப் பெட்டிக்குள் வைக்க மடிப்பதுபோல, செல் தன் சவ்வை விரல் விரலாக இழுத்து அடுக்குகிறது. அந்த அடுக்கிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஓர் அடுக்கில் விரல்கள் கிழக்கு மேற்காகப் படுத்திருந்தால் அடுத்த அடுக்கில் வடக்கு தெற்காகப் படுத்திருக்கும். நமக்குத் தெரியாத தளவிளைவு ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, நண்டு பிரித்தறிவது இந்தக் குறுக்கும் நெடுக்குமான அடுக்கினால்தான்.

பாடப்புத்தகத்தில் இது ஒரு கட்டடத்தின் வரைபடம்போல இருக்கும். நானும் கட்டடம் என்றே நினைத்திருந்தேன். ஒருமுறை கட்டியாகிவிட்டது, இனி விரிசல் விட்டால் பூசிக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

டிக் நாசல், டால்பட் வாட்டர்மேன் என்ற இருவர் கிராப்சஸ் இனப் பாறை நண்டை வைத்து 1979இல் எழுதிய கட்டுரைதான் எனக்கு விடையாக வந்தது. பகல் கண்ணையும் இரவுக் கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரவில் ராப்டம் பன்மடங்கு பெரிதாக இருக்கிறது. தலைப்பிலேயே 'பெருமளவு' என்ற பொருள்படும் சொல்லைப் போட்டிருந்தார்கள். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் அப்படிச் சொற்களைச் சும்மா விடமாட்டார்கள். அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவில் சாலி ஸ்டோவ், லெப்டோகிராப்சஸ் என்ற உறவுக்கார நண்டில் இன்னொரு பாதியைக் காட்டினார்: இருட்டத் தொடங்கும் நேரத்தில் சவ்வு வெகுவேகமாக உற்பத்தியாகி, புதிய நுண்விரல்களாக அடுக்கப்படுகிறது. என் தொட்டியில் இருந்ததும் இந்தக் குடும்பம்தான். என் கரைசலில் தவறே இல்லை. ஒல்லியானவை பகல் கண்கள், பருத்தவை ராத்திரிக் கண்கள்.

ஆக, பொழுது விடிந்தால் இடிப்பு, பொழுது சாய்ந்தால் கட்டுமானம். தினமும்.

விடியலில் நடப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். விரல்களின் அடிப்பகுதியிலிருந்து சவ்வு சின்னச் சின்னக் குமிழ்களாகக் கிள்ளப்பட்டுச் செல்லுக்குள் விழுகிறது. குமிழ்களின் வெளிப்புறத்தில் தேன்கூடு மாதிரி ஒரு புரத உறை. உறை கழன்றதும் குமிழ்கள் ஒன்று சேர்ந்து, குமிழுக்குள் குமிழாக நிரம்பிய பைகளாகின்றன. மாதுளம்பழத்தைக் குறுக்கே வெட்டியதுபோல இருக்கும். அப்புறம் அந்தப் பைகளில் செரிமான நொதிகள் வந்து கலக்கின்றன. முத்துக்களெல்லாம் கசங்கி, வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகி, கடைசியில் கருத்த ஒரு கட்டியாகச் சுருங்குகின்றன. நேற்று இரவு முழுக்க வெளிச்சத்தைப் பிடித்த சவ்வு மறுநாள் முற்பகலில் இந்தக் கறுப்புக் கட்டியாகக் கிடக்கிறது. ஒரு செல்லுக்குள் மாதுளை எத்தனை, வெங்காயம் எத்தனை, கட்டி எத்தனை என்று எண்ணினால் மணி என்ன என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். இந்த எண்ணும் வேலையைப் பின்னாளில் நன்னீரில் வாழும் கிரேஃபிஷ்களில் முறையாகவே செய்திருக்கிறார்கள். அங்கே ராப்டத்தின் பருமன் கிராப்சஸ் அளவுக்கு ஏறி இறங்குவதில்லை. ஆனாலும் விடிந்த பிறகு குப்பைப் பைகள் கூடுவது அங்கும் உண்டு.

மாலையில் நடப்பது இவ்வளவு படம் காட்டாது. செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை புதுச் சவ்வை நெய்து அனுப்புகிறது, விரல்கள் மறுபடி முளைக்கின்றன. கட்டுவதைவிட இடிப்பதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது. இது என் ரசனைக் கோளாறாகவும் இருக்கலாம்.

தமிழில் மாலைக்கண் என்றால் நோய். பொழுது சாய்ந்ததும் பார்வை மங்குவது. வைட்டமின் ஏ போதாமல் வருவது. ரொடாப்சினுக்குள் ஒளியைப் பிடிக்கும் மூலக்கூறு ரெட்டினால், அது வைட்டமின் ஏ-யின் நெருங்கிய சொந்தம். நண்டும் அதே குடும்பத்து மூலக்கூற்றைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் நண்டுக்கு மாலைக்கண் என்றால் நேரடிப் பொருளில் மாலையில் வளரும் கண் என்றே கொள்ளலாம். கடற்கரை நிலமான நெய்தல் திணைக்கு எற்பாட்டை, அதாவது பொழுது சாயும் நேரத்தை, சிறுபொழுதாக வைத்தவர்கள் நண்டின் ராப்டத்தை நினைத்து வைக்கவில்லை என்பது தெரியும். இருந்தாலும் அந்தக் கட்டுரைகளைப் படித்த நாளில் எனக்கு அது நினைவுக்கு வந்தது. நண்டு கொழுத்தால் வளையில் இராது என்ற பழமொழியும்.

சரி, எதற்கு இந்தத் தினக்கூத்து? முழு நிலவு வெளிச்சம் நண்பகல் வெயிலில் ஏறக்குறைய 4 லட்சத்தில் ஒரு பங்குதான். நிலவும் இல்லாத இரவில் அதைவிடப் பல மடங்கு குறைவு. ஒரு சிறுகண்ணுக்குள் வந்து விழும் ஒளித்துகள்களை எண்ணிவிடலாம் என்ற நிலைமையில், தண்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு லாபம். அகலமான தண்டு வானத்தின் அகலமான ஒரு துண்டிலிருந்து ஒளியை அள்ளும். அதற்கு விலை, படம் மங்கும்: பக்கத்துச் சிறுகண் பார்க்கும் இடத்தையும் இது சேர்த்துப் பார்த்துவிடுகிறது. இரவில் அது பரவாயில்லை. மங்கலாகவாவது தெரிவது ஒன்றுமே தெரியாமல் இருப்பதைவிட மேல். பகலில் ஒளிக்குப் பஞ்சமில்லை. அப்போது வேண்டியது கூர்மை. ஒல்லித் தண்டு போதும், ஒல்லித் தண்டுதான் நல்லது.

இதுவரை புரிகிறது. ஆனால் எனக்கு ஒரு பிடிவாதமான சந்தேகம் இருந்தது. பகலில் வெளிச்சத்தைக் குறைக்க நண்டின் கண்ணிடம் ஏற்கெனவே ஒரு திரை இருக்கிறது. செல்லுக்குள் மிதக்கும் நிறமித் துகள்கள் வெளிச்சம் பட்டதும் ராப்டத்தை ஒட்டி வந்து கூடி, வழியும் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். இருட்டினால் விலகிப் போகும். இதெல்லாம் நிமிடக் கணக்கில் முடியும் வேலை. இவ்வளவு மலிவான திரை இருக்கும்போது சுவரையே இடித்துக் கட்டுவானேன்?

மின்சாரப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு பதில் கிடைக்கிறது. செல்லின் சவ்வு ஒரு மின்தேக்கி. சவ்வின் பரப்பு கூடினால் அதை நிரப்ப அதிக மின்னேற்றம் வேண்டும், செல்லின் பதில் மந்தமாகும். பகலில் பறவையின் நிழல் மேலே விழும்போது மந்தமான கண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு பதில் தேய்மானம். சவ்வில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனும் ஒளியும் சேர்ந்தால் எளிதில் கெட்டுப்போகும் வகை. ஒளியைப் பிடிப்பதற்கென்றே வெயிலில் விரித்து வைத்த சவ்வு, அந்த ஒளியாலேயே கெடுகிறது. பகலில் குறைவாக விரித்தால் கெடுவதும் குறைவு. என்னைக் கேட்டால் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது. 'பழுதுபார்ப்பு' என்ற ஒற்றைச் சொல்லில் இதை அடக்கும் கட்டுரைகள் எனக்கு உடன்பாடில்லை. பழுதான பாகத்தை மட்டும் மாற்றுவதாக இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் கடை பரப்பி, ஒரே நேரத்தில் கடை கட்ட வேண்டிய அவசியம் இல்லையே.

நேரம் பார்த்துச் சொல்வது யார் என்ற கேள்விக்கு மிகத் தெளிவான பதில் நண்டிலிருந்து வரவில்லை, நண்டு என்று பெயர் மட்டும் கொண்ட ஒன்றிலிருந்து வந்தது. குதிரைலாட நண்டு சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருக்கம். பார்வை ஆய்வில் அதற்குப் பெரிய இடம் உண்டு. அதன் கண் நரம்பை ஆராய்ந்த ஹால்டேன் கெஃபர் ஹார்ட்லைனுக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த விலங்கின் மூளைக்குள் இருக்கும் கடிகாரம், இரவானால் கண் நரம்பின் வழியாகக் கண்ணுக்குச் செய்தி அனுப்புகிறது. கவனியுங்கள், கண்ணிலிருந்து மூளைக்கு இல்லை, மூளையிலிருந்து கண்ணுக்கு. அந்தச் செய்தி வந்துகொண்டிருக்கும் இரவில் கண்ணின் உணர்திறன் பகலைவிட 10 லட்சம் மடங்கு வரை ஏறுகிறது.

ஸ்டீவன் சேம்பர்லெய்னும் ராபர்ட் பார்லோவும் 1979இல் காட்டியது இதன் விடியல் பகுதியை. முதல் வெளிச்சம் பட்டதும் ராப்டம் சடசடவென்று கலைந்து, சவ்வைச் சுருள் சுருளாக உதிர்த்துவிட்டு, மறுபடி ஒழுங்காகிறது. ஆனால் வெளிச்சம் மட்டும் போதாது. முந்தைய இரவு மூளையின் செய்தி கண்ணுக்கு வந்திருக்க வேண்டும். நரம்பை வெட்டிவிட்டால் விடிந்தாலும் அந்தக் கண் உதிர்க்காது. செய்தி வந்து, வெளிச்சம் வராமல் கண்ணை மூடிவைத்தாலும் உதிர்க்காது. இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு மாதிரி. 1978இல் பிளெஸ்ட் என்பவர் வலைவீசும் சிலந்தியில் இதேபோல மாலையில் கட்டி விடியலில் அழிக்கும் கண்ணைக் காட்டியிருந்தார். மூன்றே வருடத்தில் சிலந்தி, குதிரைலாட நண்டு, இரண்டு வகை நிஜ நண்டு. அந்த வருடங்களில் இந்தத் துறையில் இருந்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

நம் கண்ணிலும் இது நடக்கிறது, வேறு பாணியில். ரிச்சர்ட் யங் 1967இல் கதிரியக்க அமினோ அமிலத்தை எலி, தவளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். விழித்திரையின் கோல் செல்களில் புதுச் சவ்வுத் தட்டுகள் அடியில் உருவாகி, மெல்ல மெல்ல நுனியை நோக்கி நகர்வது தெரிந்தது. பாலூட்டிகளில் அடியிலிருந்து நுனிக்குப் போக ஏறக்குறைய 10 நாள். நுனிக்கு வந்ததை மேலே இருக்கும் நிறமிச் செல் தின்றுவிடுகிறது. 1969இல் யங்கும் டீன் பாக்கும் அதைக் காட்டினார்கள். 1976இல் மேத்யூ லாவெயில் எலிகளைக் கவனித்தபோது, இந்தத் தின்னும் வேலை நாள் முழுக்க சீராக நடப்பதில்லை, விளக்கு போட்ட சிறிது நேரத்தில் மொத்தமாக நடக்கிறது என்று தெரிந்தது. தொடர்ந்து இருட்டில் வைத்தாலும் சில நாட்களுக்கு அதே நேரத்தில் நடந்தது. இங்கும் கடிகாரம். தின்னும் செல் தின்னாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, பிறவியிலேயே அந்தக் குறை உள்ள ஓர் எலி வகை இருக்கிறது. குப்பை சேர்ந்து சேர்ந்து ஒளியுணர் செல்கள் செத்து, எலி குருடாகிவிடும். நண்டு தன் குப்பையைத் தானே தின்கிறது. நாம் பக்கத்து வீட்டை நம்பியிருக்கிறோம்.

இருட்டிலேயே வாழும் ஓட்டுடலிகளின் கதை கொஞ்சம் சோகம். நார்வே லாப்ஸ்டர் கடலடிச் சேற்றில் மங்கிய வெளிச்சத்தில் வாழ்வது. வலையில் சிக்கி மேலே வந்து பகல் வெளிச்சம் பட்டால் அதன் விழித்திரை சிதைந்துபோகிறது என்று 1976இலேயே எல்லிஸ் லோவ் எழுதினார். அட்லாண்டிக் நடு முகட்டில், 3,600 மீட்டர் ஆழத்தில், கொதிநீர் ஊற்றுகளைச் சுற்றி மொய்க்கும் ரிமிகாரிஸ் என்ற இறாலுக்கு வழக்கமான இடத்தில் கண்ணே இல்லை. முதுகில் இரண்டு பளபளப்பான பட்டைகள் இருந்தன. 1989இல் அவை கண்கள் என்று தெரிந்தது. வில்லை கிடையாது, படம் விழாது. வெறும் ராப்டம், அதுவும் மிகப் பெரிய ராப்டம். ஊற்றிலிருந்து வரும் மிக மங்கிய ஒளிக்காக வைத்திருக்கும் கண் என்று நினைக்கிறார்கள். அந்த விழித்திரையைப் பார்த்தவர்களில் குதிரைலாட நண்டின் சேம்பர்லெய்னும் ஒருவர். விடியல் என்ற ஒன்றே இல்லாத இடத்தில், பகல் வராது என்று நம்பி மொத்தச் சவ்வையும் விரித்து வைத்திருக்கும் கண். அதைப் பார்க்கப் போன நீர்மூழ்கிகள் சக்தி வாய்ந்த விளக்குகளோடு போயின. அந்த விளக்குகளே இறால்களின் விழித்திரையைப் பாழாக்கியிருக்கின்றன என்று 1999இல் ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்தபோது தொட்டி அறையின் சுவிட்ச் நினைவுக்கு வந்தது.

குப்பிகளுக்கு வருகிறேன். உப்பை விட்டுவிட்டு, பழைய சீவல்களை எல்லாம் மறுபடி எடுத்து ராப்டத்தின் அகலத்தை அளந்தேன். பன்னிரண்டில் ஏழு ஒல்லி, நான்கு பருமன். என் வகுப்பு அட்டவணை, ராத்திரி அறைச் சாவி வாங்கிய பதிவேடு, ஆல்கஹால் எடுத்துக் கையெழுத்துப் போட்ட தாள் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய பொருந்தி வந்தது. ஏழில் ஆறு காலைக் கண்கள் என்று உறுதியாகவே சொல்ல முடிந்தது. பருமன் நான்கும் பதிவேட்டில் சாவி வாங்கிய நாட்கள்.

மீதி ஒன்று, ஒன்பதாம் எண். ராப்டம் பருமன்தான், ஆனால் ஓரங்கள் பிய்ந்திருந்தன. செல்லுக்குள் எங்கு பார்த்தாலும் மாதுளை. வெங்காயம் ஒன்றிரண்டு, கறுப்புக் கட்டி இல்லவே இல்லை. உடைப்பு தொடங்கிக் கொஞ்ச நேரமே ஆன கண். பதிவேட்டின்படி அன்றும் நான் ராத்திரிதான் போயிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் விளக்கைப் போட்டிருப்பேன். தொட்டியிலிருந்து நண்டைப் பிடிப்பதற்குள் எத்தனை நேரம் ஆயிற்று, நடுவில் யாருடனாவது பேசிக்கொண்டு நின்றேனா என்பதெல்லாம் நினைவில்லை.

பழைய சீட்டைக் கிழிக்காமல், அதற்குக் கீழே இன்னொரு சீட்டு ஒட்டி, பென்சிலால் 'விடியல்?' என்று எழுதினேன். அப்புறம் அதை அடித்துவிட்டு, 'விளக்கு போட்டு எவ்வளவு நேரம்?' என்று எழுதினேன்.